இரத்தக் கொழுப்பும் குடும்ப வழியும்



நம் அங்கத்தினர் ஒருவர் 41ஆம் வயதில் மாரடைப்பால் காலமானதை அறிவீர்கள். மெலிந்த தேகி, புலால் உண்ணாதவர். "நெய்யையும் தொடாதவருக்கா இது?" என்று துக்கம் விசாரிக்கச் சென்ற நாமும் கேட்டோம். கேட்டது நம் அறியாமையே. கொலஸ்டிரால் என்னும் கொழுப்பில் பெரும்பகுதியை நம் ஈரல் முதலிய உறுப்புகளே உண்டாக்குகின்றன. அதில் எல்.டி.எல். என்னும் தீய வகையை இரத்தத்தினின்று வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. இவ்வேற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்டுஸ்டைன் என்னும் அமெரிக்க வைத்திய அறிஞர் 1985இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி இடமுண்டு. மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நம்மிடையே இருபுறமும் அது கூடிவிட்டால், குழந்தையின் இருதயம் பாலியத்திலேயே கெடும். பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இதனைப் பார்ப்பதில்லை!

பெரியோர்க்கு எல்.டி.எல். அளவு 190க்கு மேற்பட்டால் பத்தியம் மாத்திரம் போதாது; ஸ்டாட்டின் மாத்திரையும் வேண்டும். அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவோர் உளர். நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

காலஞ்சென்றவரின் புதல்வர் இருவரும் இன்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அவர்தம் தாயாரின் சம்மதம் பெற்று, வரும் திங்கட்கிழமை காலை நாமே அவர்களை அழைத்துச் செல்ல நிச்சயித்திருக்கிறோம்.