முதல் ஆறு கிழமை



வழக்கமாக வரிப் படிவம், வீட்டுக் கடன் என்று பேசுகிற நான், இன்று ஒரு குளிசையைப் பற்றிப் பேசப்போகிறேன். கடந்த ஆண்டு மனச்சோர்வுக்காக என் குடும்ப வைத்தியர் சேர்ட்ரலின் என்ற மருந்தை 50 மில்லிகிராம் அளவில் எழுதித் தந்தார். "இதை வானொலியில் சொல்லத்தான் வேணுமோ?" என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லத்தான் வேணும். எங்கள் சனத்துக்குள் இப்படியான மருந்தை அலுமாரிக்குள் ஒளித்து வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் கிழமையிலேயே ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்? இந்த மருந்தில் செலவு முதலில் வரும், வரவு பிந்தித்தான் வரும். வயிற்றுப் பிரட்டல், தலையிடி, வயிற்றோட்டம், நித்திரைக் குழப்பம், பதற்றம் எல்லாம் முதல் நாட்களிலேயே தொடங்கலாம். மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 கிழமை வேண்டும். முழுப் பலன் தெரிய 6 கிழமையும் ஆகலாம். எனக்கு முதல் பத்து நாளும் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. விடிய நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். பத்தாம் நாளில் ஐந்தொகை போட்டால், புதிதாகத் திறந்த எந்தக் கடையும் நட்டத்தில்தான் இருக்கும். ஐந்தாம் கிழமையில்தான், ஒரு முழுக் கோப்பை இடையில் எழும்பாமல் பார்த்து முடித்திருக்கிறேன் என்று கவனித்தேன்.

அந்த நாட்களைக் கடக்கச் சில வழிகள் உண்டு. வயிறு பிரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். நித்திரை குழம்பினால் காலையில் எடுப்பது நல்லது. வெறும் வயிற்றிலும் எடுக்கக்கூடிய மருந்து என்பதால், கந்தசஷ்டி விரதத்துக்காக நிறுத்தத் தேவையில்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. ஊரிலிருந்து வந்த மூலிகை மருந்தோ, இபுபுரூபன் போன்ற நோக் குளிசையோ எடுப்பதென்றால், முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள். தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கும் வழி உண்டு.

நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். மருந்து எடுத்த நேரம், நித்திரை கொண்ட மணித்தியாலம், வயிற்றின் நிலை, பத்துக்கு எத்தனை என்று மனநிலை, இவை நாலும்தான். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். கொப்பி அப்படிச் சொல்லாது.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. இருக்கவோ படுக்கவோ முடியாத பதற்றம், நித்திரையே இல்லாமல் அளவுக்கு மிஞ்சிய உற்சாகம், சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை வந்தால் காத்திருக்க வேண்டாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் கிழமைகளில் இந்த எண்ணம் கூடலாம். அதனால்தான் 18 முதல் 25 வயது வரையானவர்களை 1 கிழமையிலும், மற்றவர்களை 2 கிழமைக்குள்ளும் வைத்தியர் மீண்டும் பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அவசரத்துக்கு 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

பெற்றோருக்கு ஒரு விசயம். வைத்தியரிடம் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போகாதீர்கள். "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்பதைத் தன் பிள்ளையின் வாயால் எந்தத் தாய் சொல்லுவா? சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவா. என்.எச்.எஸ். சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். நேரம் பதியும்போதே கேளுங்கள். இங்கிலாந்தில் புதிய மருந்து தொடங்குபவர்களோடு மருந்தாளர் இலவசமாகப் பேசும் சேவை 2011 இல் தொடங்கியது. 2025 ஒக்ரோபரில் மனச்சோர்வு மருந்துகளும் அதில் சேர்ந்தன.

வீட்டில் உள்ளவர்களே, "விசர்க் குளிசை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நீரிழிவுக் குளிசைக்கு நாங்கள் பட்டப்பெயர் வைப்பதில்லையே. போரையும் முகாம்களையும் கடந்து வந்த சனம் நாங்கள். இரவு நித்திரை வராத ஒருவராவது இல்லாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அவருக்கு முதல் இரண்டு கிழமை தேவைப்படுவது புத்திமதியில்லை. "இண்டைக்குக் குளிசை போட்டாச்சோ? சாப்பிட ஏதும் தரட்டோ?" என்ற இரண்டு கேள்வி போதும்.

கடைசியாக, சுகம் தெரிந்தவுடன் நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். ஒரேயடியாக விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வும் வரலாம். மருந்து ஒத்துவரவில்லை என்றாலும் வைத்தியரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, வேறொன்றுக்கு மாறலாம்.

இன்று இரவு யாராவது முதல் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தால், நீங்கள் தனியாள் இல்லை. அடுத்த மாதம் வழமைபோல வரிக் கணக்கோடு சந்திப்போம்.