மூன்றாம் மாடியில் ஒரு பூனை



நகரத்தில் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோகிறவர்கள் பல நன்மைகளை எண்ணியே போகிறார்கள். காற்று வரும், வெளிச்சம் வரும், தெருப் புழுதி வராது என்பார்கள். எலியும் கரப்பானும் தரையோடு நின்றுவிடும், மாடி ஏறி வரமாட்டா என்னும் நம்பிக்கையும் அவற்றுள் ஒன்று. நானும் அந்த நம்பிக்கையோடுதான் சென்னையில் மூன்றாம் மாடியில் குடியேறினேன். குடியேறிய பத்தாம் நாள் இரவு, சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து 'கறுக் கறுக்' என்று ஓர் ஓசை எழுந்தது. விளக்கைப் போட்டேன், ஓசை நின்றது. அணைத்தேன், மறுபடியும் தொடங்கிற்று. எனக்கு முன்பே அங்கே குடியிருப்பவர் ஒருவர் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாடிப்படி நமக்குத்தான் வேண்டும்; எலிக்கு வேண்டுவதில்லை. வீட்டெலி இயல்பாகவே மரமேறும் பிராணி. கழிவுநீர்க் குழாயும் மின்கம்பியும் அதற்கு இராஜபாட்டை. சுண்டெலிக்கோ ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும். தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஓர் ஈற்று. ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். கரப்பானோ இன்னும் சாமர்த்தியசாலி. பெரிய செங்கரப்பான் சாக்கடை வழியே ஏறி வருகிறது. சிறிய பழுப்புக் கரப்பானை நாமே அட்டைப்பெட்டிகளில் வைத்து, மின்தூக்கியில் ஏற்றி, மரியாதையோடு வீட்டுக்கு அழைத்து வருகிறோம். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியின் மடிப்பிலும் அதற்கு இடமுண்டு.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். எலிப்பொறி வாங்கினேன். முதல் நாள் தேங்காய்ச் சில்லு மட்டும் காணாமற் போயிற்று. பிறகு கடைக்காரர் சொற்படி நீல நிற நஞ்சுக் கட்டிகள் சிலவற்றை வாங்கி, குளியலறைக்குப் பின்னே குழாய்கள் செல்லும் சந்தில் வைத்தேன். வைத்ததோடு மறந்தும் போனேன். இந்த மறதியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

சில வாரம் சென்றபின், கீழ்வீட்டுப் பாட்டியார் ஒருநாள் என் மனைவியிடம், "ஏம்மா, பொறியும் மருந்தும் எத்தனை நாளைக்கு? ஒரு பூனையைக் கொண்டுவந்து விடு. அது இருக்கிற வீட்டிலே எலி குடித்தனம் பண்ணாது" என்றார். அந்த வாரமே பூக்கடைக்காரரின் வீட்டிலிருந்து, சாம்பல் நிறத்தில் கரும்பட்டை போட்ட ஓர் இளம் பூனை எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. பெயர் வைப்பதில் கருத்து வேற்றுமை ஏற்பட்டதால், 'பூசை' என்ற பழந்தமிழ்ப் பெயரே நிலைத்தது.

அந்தச் சொல் சிறப்புடையது. கம்பர் தம் இராமாயணத்து அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிவிடலாம் என்று புறப்பட்ட பூசையைப் போன்றவன் நான் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பல்லவச் சிற்பி, இரு முன்கால்களையும் தலைக்குமேல் உயர்த்தித் தவஞ்செய்யும் பூனை ஒன்றையும், அதனை நம்பி அருகே கூடிய எலிகளையும் செதுக்கி வைத்திருக்கிறான். ஒருவர் பூனையின் ஆசையைக் கண்டார். மற்றவர் அதன் பாசாங்கைக் கண்டார். இருவரும் பூனையோடு பழகியவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மனிதனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு எலியால் வந்த உறவு. மேற்காசியாவில் மக்கள் தானியம் விளைவித்துக் களஞ்சியம் கட்டிய காலத்தில், தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. நாயைப்போல் அது நம்மால் பழக்கப்பட்டது என்பதைவிட, தானே வந்து தங்கிவிட்டது என்பதே பொருந்தும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில், மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்தத் தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. யாரோ ஒருவர் கடல் கடந்து அதனைப் படகில் கொண்டுவந்திருக்க வேண்டும்.

இனி எங்கள் பூசை வேலை பார்த்த விதத்தைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு விளக்கணைந்ததும் அது சமையலறை வாசலில் சென்று அமரும். அசையாது, காது மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. பூனையின் செவியோ 60,000க்கு மேலும் கேட்கும். சுண்டெலிகள் தமக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி நமக்கு எட்டாத அந்த உயர்ந்த ஒலியிலேதான். நமக்கு நிசப்தமாய் இருக்கும் சமையலறை பூனைக்குச் சந்தைக்கடையாய் இருக்கும். அதன் விழிக்குள்ளே கண்ணாடிபோல் ஒரு படலம் இருப்பதால், சிறிதளவு வெளிச்சமும் இருமுறை பயன்படுகிறது. ஆனால் மூக்கின் நேர்முன்னே உள்ள பொருள் அதற்குத் தெளிவாய்த் தெரியாது. அந்தக் குறையை மீசை தீர்க்கிறது. பாயும் கணத்தில் மீசை மயிர்கள் முன்னோக்கி வளைந்து, இரை எங்கே இருக்கிறது என்று தொட்டுச் சொல்கின்றன.

கரப்பான் வேட்டை வேறு மாதிரி. அதில் வீரத்தைக் காட்டிலும் விளையாட்டே மிகுதி. முன்காலால் ஒரு தட்டு. மல்லாந்த கரப்பானைச் சற்று வேடிக்கை பார்த்தல். அது ஓடியதும் மறுபடி ஒரு தட்டு. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்னும் பழமொழியைக் கரப்பானுக்கும் விரித்துக்கொள்ளலாம். காலையில் நாங்கள் எழும்போது, கூடத்தின் நடுவே கால்கள் மேலே பார்க்கக் காணிக்கைகள் கிடக்கும். ஒருநாள் மூஞ்சூறு ஒன்றும் கிடந்தது. அதனைப் பூனை கொல்லுமேயன்றிப் பெரும்பாலும் தின்னாது. அதன் நாற்றம் அப்படி. மூஞ்சூறு எலிச்சாதியும் அன்று. அதுவே கரப்பானைத் தின்னும் பிராணி. நமக்கு உதவி செய்தவரையும் சேர்த்தே பூனை கொன்றுவிட்டது.

பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வேட்டை பூனைக்குப் பசியினால் மட்டும் வருவதன்று. வயிறு நிறைந்த பூனையும் பாயும். பட்டினி கிடக்கும் பூனை மெலியுமே தவிர, கெட்டிக்காரப் பூனை ஆகிவிடாது.

பூசை வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு வாரம் அதன் வெற்றி உச்சத்தை எட்டியது. அடுத்தடுத்து மூன்று சுண்டெலிகள். அவற்றைப் பிடிக்க அது பாயவும் இல்லை. நடந்து சென்று எடுத்து வந்தது. எலிகள் இருந்த இடத்திலேயே நின்றன. நாங்கள் வியந்தோம், அக்கம்பக்கத்தாரிடம் பெருமை பேசினோம். நான்காம் நாள் பூசை உணவைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் கட்டிலுக்கு அடியில் படுத்தது, அழைத்தும் வெளிவரவில்லை. தூக்கியெடுத்த என் மனைவி, அதன் ஈறு வெளுத்திருப்பதையும், மூக்கோரத்தில் இரத்தம் கசிந்திருப்பதையும் கண்டு திகைத்துப் போனாள்.

கால்நடை மருத்துவர் அதனைப் பார்த்தவுடன் கேட்ட முதற்கேள்வி, "வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா?" என்பது. "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் குழாய்ச் சந்தில் வைத்த நீலக்கட்டிகள் என் நினைவுக்கு வந்தன.

அந்த நஞ்சின் தன்மையை மருத்துவர் எனக்கு விளக்கினார். அது உடனே கொல்வதில்லை. இரத்தம் உறைவதற்கு உடலுக்கு வேண்டிய 'கே' வைட்டமின் பயன்படாதபடி தடுத்துவிடும். அதைத் தின்ற எலி சில நாள் நடமாடும்; நாளுக்கு நாள் தளரும்; உள்ளுக்குள் இரத்தம் கசியும். தளர்ந்த எலியே பூனைக்கு எளிய இரை. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு பூனையின் வயிற்றுக்கு மாறுகிறது. நாங்கள் பூனையின் திறமையென்று கொண்டாடியது என் நஞ்சின் வேலை. எனக்கு உழைக்க வந்த ஓர் உயிருக்கு, கூலியாக நான் அதையே ஊட்டியிருந்தேன்.

நல்லூழாக இந்த நஞ்சுக்கு முறிவு உண்டு. அந்த வைட்டமினையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் கொடுத்தால் போதாது. நஞ்சு உடலில் நெடுநாள் தங்குவதால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். நான்கு வாரம் காலையில் மாத்திரையும் கையுமாய் நான் அதன் பின்னே திரிந்தேன். பூசை பிழைத்தது. எல்லா எலி மருந்துக்கும் இவ்வாறு முறிவு இருக்கிறது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்; முறிவில்லாத மருந்துகளும் உண்டு.

பூனை வைத்திருப்போர் அறியவேண்டிய வேறு சிலவும் உண்டு. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி வராதிருக்கப் பூசும் பெர்மெத்ரின் என்னும் மருந்து பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதனை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. கரப்பானைத் தின்பதால் வயிற்றுப் புழுவும், பல்லியைத் தின்பதால் ஈரலில் தட்டைப்புழுவும் பூனைக்கு வரலாம். ஆகையால் மருத்துவர் சொற்படி புழு மருந்து கொடுக்கவேண்டும். எலி தின்னும் பூனையின் மலத்தில் சில காலம் ஒரு நுண்கிருமி வெளிப்படலாம். அது கருவுற்ற பெண்களுக்குத் தீங்கானது. வெளிப்பட்ட ஒரு நாளேனும் கழித்தே அக்கிருமி தொற்றும் ஆற்றல் பெறுவதால், மணல்தட்டை நாள்தோறும் கழுவுவது நன்று. கருவுற்றவர் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். மாடி முகப்பிலும் சன்னலிலும் வலை கட்டுவதும் இன்றியமையாதது. பூனை விழுந்தாலும் காலூன்றி விழும் என்பது உண்மையே. கால் முறியாது என்பது உண்மையன்று.

பூனையை வைத்தே ஒரு கட்டடத்தை எலியின்றிச் செய்துவிடலாமா என்றால், முடியாது என்பதே விடை. நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், எலிகள் மலிந்த ஒரு கழிவுக் கூடத்தில் பூனைகள் புகுந்தபோது ஐந்து மாத காலத்தில் 79 நாள்கள் கண்காணித்து, 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. பூனையைக் கண்டதும் எலிகள் மறைந்து நடமாடக் கற்றுக்கொண்டன. நம்மூர்ப் பெருச்சாளியின் முன்னே பூனையே சற்று ஒதுங்கி வழிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். சிறிய பழுப்புக் கரப்பானும் அவ்வாறே. பூனையின் கால் நுழையாத இடுக்கில் அது குடும்பம் பெருக்கும்.

பூசை நோயிலிருந்து எழுந்த மாதத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது. கட்டடம் முழுவதும் நஞ்சுக் கட்டி வைக்கலாமென்று ஒருவர் சொன்னார், பலர் தலையசைத்தனர். கூட்டத்தில் பேசும் வழக்கமில்லாத நான் எழுந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நஞ்சு வைத்தது நானேயென்று சொல்லும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில், குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்டும் கம்பிவலையும் கொண்டு அடைப்பது, சாக்கடை வாய்களுக்குத் தட்டி போடுவது, குப்பைத் தொட்டியை இரவில் மூடிவைப்பது, அட்டைப்பெட்டிகளை வீட்டில் சேர்க்காதிருப்பது என்று தீர்மானமாயிற்று. முதல் ஓட்டையை நானே அடைத்தேன். நீலக்கட்டிகளில் எஞ்சியவற்றையும் தேடி எடுத்து அகற்றினேன்.

இப்போது எங்கள் வீட்டில் எலி அரிதாகிவிட்டது. கூடத்தின் நடுவே காணிக்கை கிடப்பதும் எப்போதோ ஒருமுறைதான். ஆயினும் இரவு பத்து மணிக்குப் பூசை தவறாமல் சமையலறை வாசலில் சென்று அமர்கிறது. காதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறது. "இரை இல்லையே, பாவம்" என்கிறாள் என் மனைவி. அது பாவமில்லை. வேலை இல்லாத காவற்காரனைக் கண்டு வீட்டுக்காரன் மகிழவேண்டுமேயன்றி வருந்தவேண்டியதில்லை. அதற்கு நாங்கள் பட்டிருக்கும் கடனுக்கு வேளாவேளைக்கு மீனும் சோறும் கொடுத்து வருகிறோம். வாங்கிக்கொள்வதில் அது ஒருநாளும் குறை வைத்ததில்லை.