இரண்டு மொழிகளுடன் கடல் கடந்த பாடகி

(சங்கத்தின் ஸங்கீத தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸங்கீதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மும்மூர்த்திகளைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. ஆகையால், உங்களில் அநேகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு பாடகியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஸூல்யா கமாலோவா. ரஷ்யாவில் உத்முர்தியா பகுதியில், காமா நதிக்கரையிலுள்ள சரபூல் என்ற ஊரில் 1969-ல் பிறந்த டாட்டர் பெண்மணி. ஸோவியத் யூனியன் உடைந்த 1991-ல் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

டாட்டர் மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரஷ்ய மொழிக்கு உறவே இல்லை. காஸான் நகரைத் தலைநகராகக் கொண்ட டாட்டர்ஸ்தான் என்று தனிக் குடியரசு ரஷ்யாவுக்குள் இருக்கிறது. ஆனால் 2010 கணக்கெடுப்பில் ரஷ்யாவிலிருந்த 53 லட்சம் டாட்டர்களில் சுமார் 20 லட்சம் பேர்தான் அதற்குள் வசித்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், நம்மைப் போல! ஸூல்யாவும் அப்படி வெளியே பிறந்தவர்தான்.

1920-கள் வரை அரபு எழுத்து, பிறகு லத்தீன், 1939 முதல் ரஷ்ய எழுத்து. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் மூன்று லிபிகள். தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாது. தாத்தா பாடிய பாட்டைப் பாட முடியும்.

அந்தப் பாட்டு நமக்கு அந்நியமில்லை. வோல்கா பிரதேச டாட்டர் இசைக்கு ஆதாரம் ஐந்து ஸ்வரங்கள். அரை ஸ்வர இடைவெளியே கிடையாது. ஸ ரி க ப த என்று பாடினால் நம் மோஹனம். அதையே கிரஹபேதம் செய்தால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த ஸாவேரி வரும் என்பது ஸங்கீதம் கற்றவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் 'உஸின் கோய்', அதாவது 'நீண்ட பாட்டு' என்று ஒரு வகை உண்டு. விளம்ப காலத்தில், ஒரே எழுத்தின் மேல் பல ஸ்வரங்களை இழைத்துப் பாடுவது. அதில் வரும் ஏக்கத்துக்கு 'மோங்' என்று பெயர். தமிழில் சரியான சொல் எனக்கு அகப்படவில்லை.

ஸூல்யா அக்கார்டியன், கிடார், டபுள் பாஸ் வைத்துக்கொண்டு பாடுகிறார். இது சம்பிரதாயமா என்று கேட்கலாம். அக்கார்டியன் வகை வாத்தியங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே டாட்டர் கிராமங்களுக்குள் நுழைந்து அவர்களுடையதாகவே ஆகிவிட்டன. பிடிலை நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா?

டாட்டர் பாடல்களுக்கு 'அலூகி' என்று ஒரு தொகுப்பு. 2005-ல் ரஷ்யப் பாணிப் பாடல்களுக்கு இன்னொரு தொகுப்பு. தன் தாய்மொழியை ஒதுக்கி வைத்த பெரிய மொழியிலும் ஏன் பாட வேண்டும்? அதுவும் அவர் வளர்ந்த மொழிதானே! இரண்டையும் வைத்துக்கொண்டதை நான் நேர்மை என்பேன். 2007-ல் '3 நைட்ஸ்' தொகுப்புக்கு ஆஸ்திரேலியாவின் ஆரியா விருதும் கிடைத்தது.

ஊரிலோ நிலைமை வேறு. டாட்டர்ஸ்தான் பள்ளிகளிலேயே 2017 முதல் டாட்டர் மொழி கட்டாயப் பாடமில்லை. பெற்றோர் கேட்டால்தான் உண்டு. மொழி தெரிந்தவர்கள் 2010-ல் சுமார் 43 லட்சம், 2021-ல் 33 லட்சத்துக்கும் குறைவு. மெல்போர்னில் பாட்டுக்குக் கைதட்டல் விழுகிறது. பாட்டின் மொழியைப் பேசுவதற்குக் குழந்தைகள் வேண்டுமே! இங்கே நம் குழந்தைகளும் ஸாஹித்யத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள், அர்த்தம் கேட்டால் அம்மாவைப் பார்க்கிறார்கள்.

இப்போது 'அலூகி'யிலிருந்து ஒரு பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். வார்த்தைகள் புரியாது. ஸ்வரம் தெரிந்தவர்கள் எந்த ராகத்தின் சாயல் என்று முடிந்ததும் சொல்லுங்கள்.