சொந்த ஊரில் உல்லாசப் பிரயாணி

திருகோணமலை மலையடிவாரத்து ஊர் என்று சொன்னால், அதன் கடலையும் துறைமுகத்தையும் மட்டுமே அறிந்தோர் சற்று வியப்படையக்கூடும். ஆயினும் ஊரின் பெயரிலேயே மலை நிற்கின்றது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் கோணமலையின் அடியிலே பட்டினம். அநுராதபுர வீதி வழியாக மேற்கே ஏறக்குறைய ஐந்து மைல் சென்றால், சிறு குன்றுகளின் அடியிலே கன்னியா வெந்நீரூற்றுக்கள். இவ்விரண்டு மலையடிவாரங்களுக்கும் இன்று வருவோருள்ளே புதுவகையினர் சிலர் உளர். இவ்வூரிலே பிறந்து வளர்ந்தவர்களாயிருந்தும், அவர்கள் உல்லாசப் பிரயாணிகளாகவே வருகின்றனர்.

1983ஆம் ஆண்டின் பின் ஊரை விட்டகன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய குடும்பங்கள் பல, 2009இல் யுத்தம் முடிந்தபின்னர் விடுமுறைக்கு வரத் தொடங்கின. பிறந்த வீடு விலைப்பட்டிருக்கும், அல்லது இடிந்திருக்கும், அல்லது வேறொருவர் அங்கே குடியிருப்பார். ஆதலால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்குகின்றனர். மறுநாட் காலை, விடுதியார் கொடுக்கும் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு காரில் ஏறுகின்றனர். பட்டியலிலே குறை ஒன்றுமில்லை. புறாத்தீவு, கோணேசர் கோயில், கன்னியா, காலம் வாய்த்தால் ஆழ்கடலிலே திமிங்கிலம். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் வருவோர் மழைக்கு ஆயத்தமாகவே வரவேண்டும்.

அத்தகைய தந்தை ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் மேய்வதைக் கண்டு அவருடைய பிள்ளைகள் துள்ளுகின்றனர். தந்தைக்கு மான்கள் புதியன அல்ல. மலையுச்சியை அடைந்ததும் வழிகாட்டி கதை சொல்லத் தொடங்குகிறார். அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கல்தூண் ஒன்று உண்டு; அதிலே பொறித்த ஆண்டு 1687. காதலனை ஏற்றிச் சென்ற கப்பலைப் பார்த்தவண்ணம் பிரான்சினா வான் றீட் என்னும் மங்கை இப்பாறையினின்றும் கடலிலே குதித்து மாண்டாள் என்பது அக்கதை. ஒல்லாந்தரின் பழைய ஏடுகளோ, அவள் அதன் பின்னரும் உயிர் வாழ்ந்து மணம் புரிந்துகொண்டாள் என்கின்றன. கதை கேட்போருக்கு இஃது ஏமாற்றந்தான்; அந்தப் பெண்ணுக்கு நல்லதாயிற்று.

அதே பாறைப் பிளவைத் தந்தைக்கு அவருடைய பாட்டியார் 'இராவணன் வெட்டு' என்று காட்டியிருந்தார். அதைச் சொல்ல அவர் வாய் எடுக்கிறார். வழிகாட்டியின் சரளமான ஆங்கிலத்தின் நடுவே சொல்லாமலே விட்டுவிடுகிறார். வழிகாட்டியைக் குறை கூறுவது நியாயமன்று. அவர் தம் தொழிலைச் செய்கிறார். அவர் சொல்லாததைச் சொல்லவேண்டியவர் அருகிலேயே மௌனமாக நிற்கிறார்.

சொல்லுவதற்கோ எவ்வளவோ உண்டு. ஏழாம் நூற்றாண்டிலே ஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அவர் கடல் கடந்து வந்தாரல்லர், இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1795இல் ஆங்கிலேயர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1950இல் பட்டினத்திலே கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய தெய்வத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் மலையடியிலே கடலுக்குள் மூழ்கி, இடிந்த கோயிலின் கற்களைக் கண்டனர். 1963இல் இன்றைய கோயிலின் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் கைவைத்துப் பார்த்த கோட்டைச் சுவரிலே கோயிற் கல்லும் இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பிற்பகலிலே கார் கன்னியாவை அடைகின்றது. வாயிலிலே சீட்டு வாங்கி உள்ளே செல்லவேண்டும். சதுரக் கட்டுக்களுக்குள் ஏழு சிறு கிணறுகள், ஆழமும் அதிகமில்லை. ஒன்றின் சூடு மற்றொன்றின் சூட்டை ஒத்ததன்று. இலங்கையிலே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புக்களின் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தை ஏற்று மீண்டும் மேலெழுகின்றது. வாளிகளோடு வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் நீரை வார்க்கின்றனர், படம் பிடிக்கின்றனர்.

இதே கிணற்றடிக்கு இவ்வூர்ச் சைவமக்கள் காலங்காலமாகத் துக்கத்தோடு வந்தவர்கள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவிலே செய்வது அவர்கள் வழக்கம். தாயை இழந்த இராவணன் அவளுக்குரிய கடனை இங்கேதான் செய்தான் என்பது ஐதிகம். இவ்விடம் எவருடைய பொறுப்பு, எவருடைய உரிமை என்னும் பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை சென்றது. அது நீதிமன்றத்துக்குரிய விடயம். ஆனால் ஈரவேட்டியுடன் நிற்கும் ஒரு மகனும், நீராடிக் களிக்கும் விருந்தினரும் ஒரே கிணற்றடியில் நெருக்கியடித்து நிற்கும் நிலை எவருக்கும் உகந்ததன்று. கிரியைக்கென்று காலை வேளையிலே சில மணி நேரம் ஒதுக்கினால் எந்தப் பிரயாணிக்கும் நட்டமில்லை. காரணத்தைச் சொன்னால் அவர்கள் மகிழ்ந்து காத்திருப்பார்கள்.

தந்தை வாளியைக் கையிலே எடுக்கவில்லை. எந்தக் கிணற்றிலே சூடு மிகுதி என்று மூத்த பிள்ளை கேட்கிறது. அவர் ஏழையும் ஒருமுறை பார்க்கிறார். பின்பு பிள்ளையை ஒரு கிணற்றின் அருகே அழைத்துச் சென்று, தம் தகப்பனாரின் அந்தியேட்டி நாளிலே தாம் முதலில் நீர் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டது இங்கேதான் என்கிறார். அப்போது தாத்தாவுக்கு எத்தனை வயது, அன்று வேறு யார் யார் வந்திருந்தார்கள் என்று பிள்ளை கேட்கத் தொடங்குகிறது. வாயிலிலே கார்ச்சாரதி மணிக்கூட்டைப் பார்க்கிறார். தந்தை அங்கிருந்த கற்கட்டிலே அமர்ந்து, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்குகிறார்.