கோடியக்கரையில் பங்குனி

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967-இல் சரணாலயமான இந்த இடத்துக்குப் பறவை பார்க்கப் பலரும் மார்கழி, தையில்தான் வருகிறார்கள். கூட்டம் பெரிது அப்போதுதான். ஆனால் அழகு பங்குனியில்.

காரணம், இறகு மாற்றம். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில், இனம் பிரித்தறிய முடியாமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த உள்ளான்கள், ஊர் திரும்புமுன் புதுக்கோலம் பூணுகின்றன. அவற்றில் அலகு கீழ்நோக்கி வளைந்த ஓர் இனத்துக்கு மார்பும் வயிறும் செங்கல் நிறமாகச் சிவக்கும். இங்கே காணக்கிடைப்பவற்றில் பாதி சாம்பலும் பாதி செம்மையுமாகத் திட்டுத்திட்டாக நிற்பவையும் உண்டு. கூடவே உடம்பில் கொழுப்பும் ஏறும். சைபீரியாவின் வடகோடித் துந்திரம் வரை பறக்க அதுதான் எரிபொருள்.

காற்று பலமாக வீசும்போது பறவைகள் அதை எதிர்நோக்கியே நிற்கும். முதுகு காட்டினால் காற்று இறகைக் கலைத்துவிடும். ஆகவே காற்று வரும் பக்கமாக நின்று பார்த்தால் மார்பின் நிறம் தெளிவாகத் தெரியும். தொலைநோக்கியின் முக்காலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டால் ஆட்டம் குறையும்.

இளம் பறவைகள் சில கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். போனவை ஆவணியிலேயே திரும்பத் தொடங்கும்.