தொலைவில் இருப்போரும் அவையினரே

(ஆலயத் தொண்டூழியர்களுக்காகத் தஞ்சோங் பகாரில் நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நேரில் வந்தோரையும் திரைவழி இணைந்தோரையும் ஒருங்கே கொண்டு கூட்டம் நடத்துவது எவ்வாறு என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் பணித்தார்கள். கணினியைப் பற்றிய பேச்சென்று எண்ணி இளைஞர்கள் முன்வரிசைக்கு வந்திருக்கின்றார்கள்; பெரியவர்கள் சற்றே ஒதுங்கிப் பின்னால் அமர்ந்திருக்கின்றார்கள். உண்மையில் இது பெரியவர்களைப் பற்றிய பேச்சு.

தஞ்சோங் பகார் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்து வாழ்ந்த வட்டாரம். கூட்டம் என்று சொல்லியனுப்பினால் உறுப்பினர்கள் நடந்தே வந்து சேர்வார்கள். இன்று டக்ஸ்டனில் 50 மாடி வீவக குடியிருப்பு வானளாவி நிற்கின்றது. அன்று இங்கிருந்த குடும்பங்களின் பிள்ளைகளோ உட்லண்ட்ஸ், ஈசூன், பொங்கோல் என்று தீவெங்கும் பரவி வாழ்கின்றார்கள். ஆலயம் இருந்த இடத்தில் இருக்கின்றது. அவையினர்தாம் தொலைவிற் சென்றுவிட்டனர்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கிய நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நம்மைத் திரைக்கு முன் அமர்த்தியது. அதே நாளில் நிறைவேறிய கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தின்கீழ், நிறுவனங்களும் சங்கங்களும் அறக்கொடை அமைப்புகளும் மின்னியல் வழியே பொதுக்கூட்டம் நடத்த இடமளிக்கப்பட்டது. அத்தற்காலிக ஏற்பாடு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிவுற்றது. நிறுவனங்களுக்கு அவ்வாண்டு ஜூலை முதல் நிலையான சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சங்கமாகப் பதிவு பெற்றோர் முதலிற் செய்யவேண்டுவது தம் சட்டவிதிகளை எடுத்துப் படிப்பதே. தொலைவில் இருப்போர் வருகை எண்ணிக்கையிற் சேர்வார்களா, அவர்தம் வாக்குச் செல்லுமா என்பவை அங்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில், கூட்டம் முடிந்தபின் தோற்றவர் எழுப்பும் முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அக்காலத்தில் ஆலயங்கள் நேரலையை நன்கு கற்றுக்கொண்டன. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் காவடி ஊர்வலம் இல்லை. பாற்குடத்தையும் ஆலயத்தாரே ஆயத்தம் செய்து தந்தனர். வீட்டிலிருந்தபடியே பூசையைக் கண்டு கண்ணீர் மல்கிய மூதாட்டியர் பலர். அந்த வெற்றியே நம்மை ஒரு தவறான எண்ணத்திற்கு இட்டுச் சென்றது என்பது என் கருத்து. மண்டபத்தின் மூலையில் ஒரு படக்கருவியை நிறுத்திவிட்டால் கூட்டமும் நடந்துவிடும் என்று எண்ணிவிட்டோம். தரிசனத்திற்குக் கண் போதும். அவைக்கு வாயும் வேண்டும். தன் குரல் போய்ச் சேராத உறுப்பினர் அவையினர் அல்லர், வேடிக்கை பார்ப்பவர்.

குரல் ஏன் போய்ச் சேர்வதில்லை என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே என்று, பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2009இல் கண்டறிந்தது. இணையத்தில் ஒலி சென்று திரும்பவே அந்த இடைவெளி செலவாகிவிடும். உட்லண்ட்ஸில் இருப்பவர் வாய் திறக்குமுன் மண்டபத்தில் இருப்பவர் பேசத் தொடங்கிவிடுகின்றார். இரண்டு முறை முயல்வார். மூன்றாம் முறை ஒலியை அடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். இதனை ஆர்வமின்மை என்று கூட்டக் குறிப்பில் எழுதுவது நியாயமன்று.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பொருளிலும் தலைவர் முதலில் திரையில் இருப்போரைப் பெயர் சொல்லி அழைக்கட்டும். அதன்பின் மண்டபத்தில் இருப்போர் பேசட்டும். இந்த ஓர் ஒழுங்கே பாதிக் குறையைப் போக்கிவிடும். தலைவருக்கு அருகில், திரையை மட்டுமே கவனிக்கும் தொண்டூழியர் ஒருவர் அமரவேண்டும். அவருக்குத் தேநீர் வழங்கும் வேலையும் புகைப்படம் எடுக்கும் வேலையும் தரலாகாது. மண்டபத்தில் பேசுவோர் எவராயினும் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிய பின்னரே பேசவேண்டும். "என் குரல் எட்டூருக்குக் கேட்கும்" என்று ஒலிவாங்கியை மறுக்கும் பெரியவர் எல்லா ஆலயத்திலும் ஒருவர் இருப்பார். எட்டூருக்குக் கேட்கலாம், ஈசூனுக்குக் கேட்காது.

திறன்பேசி இல்லாதோரை என்செய்வது? ஸூம் கூட்டத்திற்குச் சாதாரணத் தொலைபேசி வழியாகவும் இணைய வகையுண்டு. சந்தாவைப் பொறுத்து அவ்வசதியைக் கேட்டுப் பெறவேண்டும். நட்சத்திரக் குறியும் 6உம் அழுத்தினால் ஒலி திறக்கும். நட்சத்திரக் குறியும் 9உம் அழுத்தினால் கை உயர்த்தியதாகத் திரையில் தெரியும். இவ்விரண்டையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு அழைப்பிதழோடு அனுப்புங்கள். கட்டணமில்லாக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. பெரும்பாலும் பொருளாளர் கணக்கறிக்கையைத் திறக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும்!

இணைப்பு முகவரியைப் பொதுவெளியில் ஒட்டாதீர்கள். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து கற்கும் வகுப்புக்குள் அந்நியர் புகுந்து தகாதன காட்டியதால், கல்வி அமைச்சு ஆசிரியர்களின் ஸூம் பயன்பாட்டைச் சில நாள் நிறுத்தி வைத்தது. காத்திருப்பு அறையில் நிறுத்தி, உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டு உள்ளே அனுப்புவதே முறை.

இனி வாக்கெடுப்பு. இங்கேதான் மனத்தாங்கல் பிறக்கின்றது. கணவனும் மனைவியும் உறுப்பினர். வீட்டில் கைப்பேசி ஒன்று. திரையில் விழும் வாக்கும் ஒன்றே. தொலைபேசியில் இணைந்தவருக்கோ திரைவாக்கே இல்லை. இக்குறைகளை முன்கூட்டியே அறிந்து, அத்தகையோரைப் பெயர் சொல்லி அழைத்து வாய்மொழியாகக் கேட்கலாம். மறைவாக்கு வேண்டுமெனில், சட்டவிதி இடந்தரும் வகையில் முன்னரே எழுத்தில் பெறலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விளக்குகின்றன. குடவோலை என்றதும் நாம் மார்தட்டிக்கொள்கின்றோம். அதன் நடைமுறையை ஊன்றிப் பார்ப்பவர் குறைவு. சிறியோரும் முதியோரும் உட்பட மகாசபை நிறைவாகக் கூடவேண்டும். அன்று ஊரில் உள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தில் அமரவேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, அவ்வோலையை உள்ளங்கையில் வாங்கி வாசிக்கவேண்டும். பிறகு நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்கவேண்டும். நிலமில்லாதவருக்கு அந்தச் சபையில் உறுப்புரிமை கிடையாது. அதை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆனால் விரித்த அந்த ஐந்து விரல்கள் நமக்கு வேண்டும். வாக்கு எண்ணிக்கையை மண்டபத்தில் இத்தனை, திரையில் இத்தனை, தொலைபேசியில் இத்தனை என்று தனித்தனியே உரக்கப் படித்து, இருவர் சரிபார்த்துச் சொல்லும்போது, தொலைவில் இருப்பவர்க்கும் குடம் கண்ணுக்குத் தெரிகின்றது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அறிக்கை ஆங்கிலத்தில், விவாதம் பாதி ஆங்கிலத்தில், வாழ்த்துரை மட்டும் தமிழில் என்றால் முதியோர் திரையில் இருந்தும் இல்லாதவரே. ஒவ்வொரு தீர்மானத்தையும் வாக்கெடுப்புக்கு முன் இரண்டு வரித் தமிழில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கண்டிருக்கின்றேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாத பெண்கள் சிலர், தத்தம் வீட்டிலிருந்தபடி திரைவழி இணைந்தபோது வரவுசெலவைக் குறித்துக் கூர்மையான கேள்விகள் கேட்டார்கள். இரவுப்பணி முடிந்த தாதியரும் பாதுகாவலரும் பேருந்தில் இருந்தபடியே கருத்துரைத்தார்கள். நோய்த்தொற்று நீங்கிவிட்டது, இனி எல்லாரும் நேரில் வாருங்கள் என்று அறிவிப்பது எளிது. அவ்வாறு அறிவிக்கும்போது யார் குரல் மறைகின்றது என்பதைச் செயலவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, 70 வயது கடந்த உறுப்பினர் ஒவ்வொருவரையும் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒலியைத் திறக்கவும் கை உயர்த்தவும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லட்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அப்பணிக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் இவ்வரங்கு முடிந்ததும் செயலாளரைக் காணலாம். தாளும் எழுதுகோலும் அவரிடம் உள்ளன.