ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்கள்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் வரலாறு படித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வியாபாரத்துக்கு வந்தவன். அதனால் ஜப்பான்காரன் காலத்தை ஒரு கடைக்காரனாகவே பார்த்துச் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரித் தொடக்கத்தில் நம் கோலசிலாங்கூர் கடற்கரைக்கே படகுகளில் வந்துவிட்டார்கள். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. தோட்டத்துத் துரைமார் ஓடிவிட்டார்கள். கடிகாரத்தைக்கூட தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

அன்று மலாயா ரப்பரை விற்று அரிசி வாங்கிய நாடு. உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. போர் வந்ததும் ரப்பர் வாங்க ஐரோப்பாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. பால்வெட்டு நின்றது, சம்பளம் நின்றது, அரிசியும் நின்றது. தஞ்சோங் காராங் நெல்வயல்கள் அப்போதுதான் உருவாகி வந்தன. அந்த விளைச்சல் எத்தனை பேருக்குக் காணும்? லயத்தைச் சுற்றி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். மூன்று வேளையும் கிழங்கு. துணி கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். மருந்து இல்லாமல் மலேரியாக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள்.

வேலையில்லாத அந்த ஆண்களைத்தான் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். சிலர் கூலி கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள். பலரைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. லயங்களில் பெண்களே குடும்பத்தைத் தாங்கினார்கள். தோட்டத்துப் பெண்களில் சிலர் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள்.

இனி நம் கடைகளுக்கு வருகிறேன். கப்பலும் தபாலும் நின்றதால் ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே பெண்கள் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். இங்கே புழங்கியது வாழைமரத்து நோட்டு. அச்சடிக்க அச்சடிக்க அதன் மதிப்பு விழுந்தது. 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று சொல்லிவிட்டான். பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவரும் ஒரே நாளில் ஒன்றுமில்லாதவரானார். அந்தக் காலத்துக் கடன்களை எப்படித் தீர்ப்பது என்பதற்கு 1948-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

வியாபாரிகளான நாம் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் பதுக்கிச் சேர்த்த லாபம் அந்த நோட்டோடு போயிற்று. கிழங்கோ உப்போ கடனாகக் கொடுத்தவரின் பெயர் வாடிக்கைக்காரர் வீட்டில் நின்றது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடைகளில் அரிசி மூட்டைக்கு முண்டியடித்ததை நாமே பார்த்தோம். அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால் விலையை ஏற்றாமல், இல்லாதவருக்கு முதலில் கொடுப்போம் என்று நம் கடைக்காரர்கள் இன்றே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பல தோட்டங்கள் இன்று செம்பனையாகிவிட்டன, லயங்களையும் காணோம். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா? கைப்பேசியில் பதிவு செய்து சங்கத்திடம் கொடுங்கள். கபுறு எங்கே என்றே தெரியாதவர்களுக்கு, பெயரையாவது சொல்லி துஆ கேட்போம்.